முதல் பக்கத்தில் கூடாத சொல்

டோரதிக்குக் குமட்டல் காதில்தான் தொடங்கும். பதினெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து காதாலேயே பிழைத்தவள் என்பதால் அப்படி ஆகிவிட்டதோ என்னவோ. பிடிக்காதது ஒன்று கண்ணில் பட்டால்கூட முதலில் காது மடல் சுடும், அப்புறம் தொண்டையில் ஏதோ திரளும், கடைசியில்தான் வயிறு புரளும். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் தெருவில், காப்பிக்கொட்டை அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த வெப்சைட் அலுவலகத்தில் இந்த மூன்றும் அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நடந்தன. படியேறும்போது மூக்கில் ஏறும் புதுக் காப்பிப்பொடி வாசனை முதல் மாதம் சுகமாக இருந்தது. ஆறாவது மாதம் அந்த வாசனை வந்தாலே வாயில் எச்சில் கசந்தது. பாவம், வாசனை மேல் ஒரு தப்பும் இல்லை.

போனில் கூப்பிடுகிறவனுக்குக் கண் கிடையாது. இது போர்டில் உட்கார்ந்த முதல் வாரமே அவள் தெரிந்துகொண்ட விஷயம். அவனுக்குக் கம்பெனியின் வாசல் தெரியாது, வாசலில் இருக்கும் தோட்டம் தெரியாது, முதலாளியின் மீசை தெரியாது. அவனிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. எந்த செக்‌ஷன், யார், என்ன அவசரம் என்பதை எட்டு நொடிக்குள் பிடித்துவிட வேண்டும். ஒன்பதாவது நொடியில் மூச்சு விடும் சத்தம் மாறும், பத்தாவது நொடியில் கோபம் வரும். அதே போல போர்டுக்கு நேரில் வந்து எந்தச் செய்தியை யார் சொன்னாலும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வாள்: மணி, சொன்னவர் பெயர், செய்தி, யாருக்கு, கடைசிக் கட்டத்தில் சொன்னவர் கையெழுத்து. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பின்னால் யாரும் வழுக்கக் கூடாது என்பதற்காக அந்தக் கடைசிக் கட்டம். பதினெட்டு வருடத்தில் இருபத்தாறு நோட்டு தீர்ந்தது. தொண்ணூற்றெட்டில் அந்த போர்டை எடுத்துவிட்டு, தானே பேசும் மெஷினை வைத்தார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், எழுதாத இருபத்தேழாவது நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காக்ஸ் டவுன் கடைத்தெருவில் இருந்த பூத்திலிருந்து அந்த மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கம்பெனியின் பெருமையை அது அரை நிமிடம் சொன்னது. அதற்கப்புறம் ஒன்றை அழுத்து என்றது. டோரதி ரிசீவரை வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

நாற்பத்தொரு வயதில், காலேஜ் முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து வெப்பேஜ் எழுதக் கற்றாள். வேலை கொடுத்தவன் கிஷோர். ஆம்பூர்க்காரன், இருபத்தேழு வயது, கெட்டவன் இல்லை. அவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவான். அந்த ஆன்ட்டியிலும் அவளுக்குக் காது சுடும். கிஷோருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். வாயைப் பிளந்தவனுக்குக் காதில் எதுவும் ஏறாது என்பதை டோரதி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

அந்தக் காலத்து வெப்சைட்டுகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அவள் குமட்டல் புரியும். முதலில் ஒரு வாசல் பக்கம். அதில் பூமி உருண்டை ஒன்று சுற்றும். டெலிபோன் லைனில் இழுத்துக்கொண்டு அது வந்து சேர மூன்று நிமிடம், சில நாள் நாலு. பிறகு வீணை. பிறகு 'நல்வரவு' என்று வலமிருந்து இடம் போகும் எழுத்து. உள்ளே போனால் நிறுவனர் படம், பூமாலையோடு. அதன் கீழே சேர்மனின் செய்தி, எம்.டி.யின் செய்தி, எம்.டி.யின் தம்பியின் செய்தி. இத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் ஒரு எண் பெட்டி. பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அபசகுனம் என்று அதைப் பதினோராயிரத்து நூற்றுப் பதினாறில் வைத்துத் தொடங்குவார்கள். போன் நம்பர் வேண்டுமென்றால் அடியில், கிளி மூக்கு அளவு எழுத்தில், அதுவும் பெரிய திரை இல்லாத கம்ப்யூட்டரில் வலது ஓரத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்திருக்கும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்தவனை நடுக்கூடத்தில் உட்கார வைத்துக் கல்யாண ஆல்பம் காட்டுகிற வீடு போல, என்று டோரதி நினைப்பாள். அந்த ஆல்பத்தை ஒட்டித் தருவதுதான் அவள் வேலை.

அப்படி ஒட்டித் தந்த ஆல்பங்களில் ஒன்று, பீன்யா தொழிற்பேட்டையில் கேஸ் கீசர் செய்யும் வைத்தீஸ்வரனுடையது.

எம்.டி. வைத்தீஸ்வரனுக்கு அறுபது வயது. வெள்ளைச் சட்டை, விரலில் மூன்று கல், பேச்சில் நிதானம். சிலிண்டரில் இணைத்துக் குளியலுக்கு வெந்நீர் போடும் அவருடைய கீசர், கரண்டு அடிக்கடி போகும் ஊரில் நன்றாகவே விற்றது. சமையலுக்கு எரியும் அதே கேஸ்தான், சின்னப் பெட்டிக்குள் எரியும். டோரதியிடம் வந்த காகிதக் கட்டுக்குள் கம்பெனி சரித்திரம், பதினாறு போட்டோ, கூடவே பெட்டியோடு வரும் சின்னப் புத்தகமும் இருந்தன. யாரும் படிக்காத அந்தப் புத்தகத்தை அவள் படித்தாள். ஐந்தாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது: காற்றுப் போக வழியில்லாத குளியலறைக்குள் மாட்டக் கூடாது, அடைத்த அறைக்குள் எரிந்தால் நச்சுக் காற்று சேரும், அதற்கு வாசனை கிடையாது, குளிக்கிறவர் மயங்கி விழலாம், உயிரும் போகலாம்.

ஜீவனஹள்ளியில் டோரதி இருந்த வரிசை வீடுகளில் குளியலறை என்பது மூன்றடிக்கு நாலடி. ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அவள் இரண்டாவது யோசனையே இல்லாமல் அந்தச் செய்தியை முதல் பக்கத்தின் தலையில், கறுப்பு எழுத்தில், மூன்று சின்ன வாக்கியமாக எழுதி வைத்தாள். ஆங்கிலத்தில்தான், ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற ஆங்கிலத்தில். அதன் கீழே போன் நம்பர்.

மாதிரிப் பக்கத்தைப் பார்க்க வைத்தீஸ்வரன் தனியாக வரவில்லை. வாஸ்து பார்க்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாஸ்துக்காரர் கம்ப்யூட்டர் திரையை ஒரு மனை போலப் பார்த்தார். மேலே வலது மூலை ஈசானியம், அங்கே சாமி படம். கீழே வலது மூலை அக்னி, போன் நம்பர் அங்கே போகட்டும், நெருப்புத் தொழில்தானே. கீழே இடது மூலையில் நிறுவனர், கனமாக. டோரதி காது மடலைத் தடவிக்கொண்டு குறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வைத்தீஸ்வரன் தலைப்பில் இருந்த மூன்று வாக்கியத்தைப் படித்தார். படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில 'சாப்பாட்டுல கல் இருக்கலாம்'னு யாராவது போடுவாங்களா?"

"கல் கடிச்சா யாரும் சாகிறதில்ல சார்."

"பாத்தியா கிஷோர், வாயைத் திறந்தாலே சாவு. முதல் பக்கத்துல கூடாது, வேண்டாம், இல்லைங்கிற சொல்லே வரக் கூடாது. முதல் பக்கம் மங்களமா இருக்கணும். எங்க கணக்குப் புத்தகத்துலகூட முதல் பக்கத்துல ஸ்வஸ்திக்தான், எழுத்து ரெண்டாம் பக்கத்துலேருந்துதான்."

கிஷோர் டோரதியைப் பார்த்து, விடுங்க ஆன்ட்டி, பர்வாயில்ல என்றான். அந்த மூன்று வாக்கியம் முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்குப் போனது. இரண்டாம் பக்கத்தைப் பார்த்த அவருடைய விற்பனை மேனேஜர், இங்கேயும் எதற்கு, புத்தகத்தை அப்படியே ஸ்கேன் பண்ணி 'டவுன்லோட்' என்று ஒரு மூலையில் போட்டுவிடுங்கள் என்றார். போட்டார்கள். அதை இறக்க, நல்ல லைன் கிடைத்தால் இருபது நிமிடம் ஆகும். போட்டது டோரதிதான். வாயில் கசந்த எச்சிலை விழுங்கிக்கொண்டு, அவள் விரலால்தான் அது நடந்தது. இதை அவள் பின்னால் பல தடவை தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது.

விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து சைட்டைத் திறந்தார்கள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். மவுசுக்கு ஒரு மல்லிகைச் சரம். கற்பூரம் காட்டியபோது கிஷோர் மின்விசிறியை நிறுத்தினான். வைத்தீஸ்வரன் தன் கையால் பட்டனை அழுத்த, திரையில் ஒரு தாயும் தகப்பனும் இரண்டு குழந்தைகளும் வெள்ளைத் துண்டு சுற்றிக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் பொன்னிறத்தில் ஒரு சுடர் சுற்றிக்கொண்டே இருந்தது. வீணை வாசித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சுடரை டோரதி பன்னிரண்டு படமாக வெட்டி ஒட்டியிருந்தாள். எரியும் கேஸுக்கு நீல நிறம்தான் நல்லது, மஞ்சள் என்றால் காற்றுப் போதவில்லை என்று அந்தப் புத்தகமே சொன்னது. நீலம் சோகமாக இருக்கிறது என்று பொன்னாக்கச் சொன்னது மேனேஜர்.

பீன்யா அலுவலகத்தில் இண்டர்நெட் லைன் கிடையாது. அதனால் சைட்டை அப்படியே ஒரு சி.டி.யில் எழுதி, மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தார்கள். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் வைத்தீஸ்வரன் அந்த சி.டி.யைப் போட்டுக் காட்டுவார். சி.டி.யில் எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். கிஷோரோ முடிந்த சைட்டைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான். கல்யாணம் முடிந்த மண்டபத்துக்கு மறுநாள் யார் போவார்கள். ஆக, அந்த வெப்சைட்டுக்கு வெளியிலிருந்து வாசல் வழியாக வருகிறவன் எப்படி வருகிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான், எதைக் கேட்டு வருகிறான் என்று அதைக் கட்டியவர்களில் யாருக்கும் தெரியாது.

டிசம்பர் பாதியில் குளிர் இறங்கியது. டோரதியின் பக்கத்து வீடு நோராவுடையது. நடுவில் ஒரே சுவர். நோரா ஒரு கான்வென்டில் ஆயா வேலை பார்த்தாள். மகன் ஆண்ட்ரூ துபாயில், மகள் சிந்தியா பன்னிரண்டாம் வகுப்பில். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பக் குளிக்கப் போன சிந்தியா வரவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நோரா கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டதும் டோரதி ஓடினாள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் இற்றுப்போனது, இரண்டு பேர் தோளால் இடித்ததில் பெயர்ந்தது. பெண் சுவரோரம் மடங்கிக் கிடந்தாள். உதடும் கன்னமும் மாலை போட்ட கோயில் சுரூபம் போலச் சிவப்பாக இருந்தன. போர்வையைச் சுற்றி வெளியே இழுத்துக் காற்றில் போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, நோராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்து அந்தக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் டோரதி சுவரில் அதைக் கண்டாள். வெள்ளைப் பெட்டி. நெற்றியில் பொன்னிறச் சுடர். சைட்டிலிருந்து எடுத்து அச்சடித்த ஸ்டிக்கர், அவள் வெட்டி ஒட்டிய அதே சுடர்.

"இது எப்ப நோரா வந்துச்சு?"

"போன மாசம்தான்க்கா. ஆண்ட்ரூ வாங்கச் சொன்னான். அங்க கம்ப்யூட்டர்ல பாத்தானாம், நல்ல கம்பெனி, நம்ம ஊர்க் கம்பெனின்னு."

அன்று சாயங்காலம் ஆண்ட்ரூ கூப்பிட்டான். நோரா அழுதுகொண்டிருந்ததால் டோரதிதான் பேசினாள். எட்டு நொடிக்குள் அவன் கேட்டுவிட்டான்: அந்த வெப்சைட்டை முழுக்கப் பாத்தேன் ஆன்ட்டி, வெளியில மாட்டணும்னு ஒரு வார்த்தை எங்கயும் போடலயே, போட்டிருந்தா நான் அம்மாகிட்ட சொல்லியிருக்க மாட்டேனா? அவனுக்கு அந்த சைட்டை யார் செய்தது என்று தெரியாது. நோராவுக்கு டோரதி கம்ப்யூட்டரில் ஏதோ டைப் அடிக்கிறாள் என்பதற்கு மேல் தெரியாது. ரிசீவரை வைத்ததும் பின்புறம் போய் வாந்தி எடுத்தாள். இவ்வளவு நாள் மற்றவர்களைப் பார்த்து வந்த குமட்டல் அது. இந்தத் தடவை தன் கையைப் பார்த்து வந்தது.

மறுநாள் கிஷோரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் உடனே வைத்தீஸ்வரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். வைத்தீஸ்வரன் பொறுமையாகக் கேட்டார், பெண் பிழைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார், பிறகு டவுன்லோடில் இருக்கிறதே என்றார். இறக்கிப் படிக்காமல் மாட்டினால் கம்பெனி என்ன செய்யும். டோரதி அந்த டவுன்லோடு எத்தனை கிளிக் தள்ளி, எத்தனை நிமிடம் தள்ளி இருக்கிறது என்று சொல்லப் போனாள். அவர் அதற்குள் சங்கராந்திக்கு சைட்டில் கரும்பு படம் போட முடியுமா என்று கிஷோரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கிஷோர் முடியும் என்றான். சொல்லிவிட்டு டோரதியின் கண்ணைப் பார்க்காமல் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான்.

கரும்பு படம் போட சைட்டின் பாஸ்வேர்டு டோரதியிடம் வந்தது. ஜனவரி முதல் வாரம், எல்லாரும் சாப்பிடப் போன மத்தியான நேரத்தில், அவள் கரும்பை ஏற்றினாள். கூடவே வாசல் பக்கத்தைப் பிரித்தாள். வீணையையும் சுடரையும் நிறுவனரையும் தொடவில்லை. எல்லாவற்றையும் நாலு அங்குலம் கீழே தள்ளினாள். மேலே வெறும் வெள்ளையில், ஆடாமல், மின்னாமல், கறுப்பு எழுத்தில் எழுதினாள்:

'இந்த கீசரைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. வெளிச்சுவரில் மாட்டவும். உள்ளே மாட்டியிருந்தால் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு இன்றே இந்த எண்ணுக்குப் பேசவும்.'

கீழே பீன்யா போர்டின் நம்பர். அவ்வளவுதான். எழுத்து மட்டும் என்பதால், பின்னால் வரும் சுடருக்குக் காத்திராமல் அது முதலில் வந்து நிற்கும். சாயங்காலம் காக்ஸ் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், இருப்பதிலேயே பழைய, சின்னத் திரை கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திறந்தாள். ஏழு நொடி. எழுந்து வந்துவிட்டாள். சந்தோஷம் ஒன்றும் இல்லை. அழுக்குப் பாத்திரம் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது, அவ்வளவே.

பீன்யாவில் போர்டில் இருந்தவள் சரளா. டோரதி அவளைப் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். ஜனவரி கடைசியில் சரளா கூப்பிட்டாள்.

"மேடம், என்ன பண்ணீங்க? போர்டு விடாம அடிக்குது. எல்லாம் வெளியில மாத்தி மாட்டணும்னு. சைட்டுல போட்டிருக்குன்னு சொல்றாங்க. எங்க சி.டி.யில அப்படி ஒண்ணுமே இல்லையே."

"நீ என்ன சொல்ற அவங்களுக்கு?"

"சர்வீஸ் செக்‌ஷனுக்குப் போடறேன். ஃபிட்டர் போறாங்க. மாட்டறதும் மாத்தறதும் அவங்க வேலைதானே, மேல யாரையும் கேக்க வேண்டியதில்ல." குரலைத் தாழ்த்தி, "நான் யாருக்கும் சி.டி. போட்டுக் காட்டல மேடம்" என்றாள்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை சரளா எண்ணிக்கை சொல்வாள். ஒன்பது வீடு. பதினான்கு வீடு. அமெரிக்காவில் இருக்கும் மகன்கள், மங்களூரில் இருக்கும் தங்கைகள், ஒரு தடவை ஹூப்ளி பாதிரியார் ஒருவர், தங்கும் பள்ளியில் ஆறு கீசர் உள்ளே இருக்கிறது என்று. சரளா எண்ணிக்கை சொல்லும்போதெல்லாம் டோரதிக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த ஆறும் சைட் திறந்த விஜயதசமியன்றும் உள்ளேதானே இருந்தன. ஒரு பள்ளிக்கூடம் முழுக்கப் பிள்ளைகள். கல்யாணப் பத்திரிகையாம், மங்களமாம்.

ஏப்ரலில் விஷயம் வெடித்தது. சென்னையில் ஒரு பொருட்காட்சியில் எவரோ தங்கள் கம்ப்யூட்டரில் நிஜ சைட்டைத் திறந்து, பரவாயில்லையே சார், வாசலிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறீர்களே என்று வைத்தீஸ்வரனிடம் காட்டிவிட்டார்கள். இரண்டாம் நாள் அவர் எட்டாவது கிராஸ் மாடிப்படி ஏறி வந்தார். இந்தத் தடவை வாஸ்துக்காரர் இல்லை, மேனேஜர் மட்டும். கிஷோர் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நாங்கள் கொடுத்தது சி.டி.யில் இருப்பதுதான் சார், நடுவில் என்ன ஆச்சோ தெரியலை என்று ஆரம்பித்தான்.

"நான்தான் போட்டேன்" என்றாள் டோரதி.

வைத்தீஸ்வரன் குரலை உயர்த்தவில்லை. யார் உத்தரவின் பேரில் என்று கேட்டார். புத்தகத்தின் ஐந்தாம் பக்கம் உங்கள் உத்தரவுதான், அதைத்தான் வெளியே கொண்டுவந்து வைத்தேன் என்றாள். மேனேஜர், இந்தம்மா கம்பெனியைக் கவிழ்க்கப் பார்க்கிறது சார் என்றார். டோரதி அவரைக் கவனிக்காமல், வைத்தீஸ்வரனிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். சார் ஒரு தடவைகூடத் தன் சைட்டுக்கு வெளியிலிருந்து வந்ததில்லை, இப்போது வந்து பார்க்கட்டும். எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். மோடம் கீச்சிட்டு, இழுத்து, லைன் பிடித்தது. மூன்று வாக்கியம் வந்து நின்றது. அவர் படித்தார். அதன் கீழே வெறும் சாம்பல் நிறக் கட்டம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மேனேஜர் இருமினார். கீழே அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடம் பொன்னிறச் சுடரின் மேல்பாதி வந்தது. வைத்தீஸ்வரன் நாற்காலியில் புரண்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"துபாய்லேருந்து பார்த்த பையனும் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தான் சார். கடைசி வரைக்கும் சுடர்தான் பார்த்தான். அவன் தங்கச்சிதான் குளியலறையில விழுந்தது."

வைத்தீஸ்வரன் எழுந்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துவிடு கிஷோர், இன்றைக்கே, என்றார். கிஷோர் தலையாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

டோரதி தன் பையைத் திறந்து அந்த இருபத்தேழாவது நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தைப் பிரித்து, பதினெட்டு வருடம் எழுதிய அதே வரிசையில் எழுதினாள். மணி நாலு பத்து. சொன்னவர், திரு வைத்தீஸ்வரன். செய்தி: குளியலறைக்குள் மாட்டக் கூடாது என்ற எச்சரிக்கையை வெப்சைட்டிலிருந்து எடுத்துவிடவும். யாருக்கு, கிஷோர். பேனாவை நோட்டின் மேல் வைத்து, அவர் பக்கம் திருப்பினாள்.

"கையெழுத்து மட்டும் போட்டுடுங்க சார். எடுத்துடலாம்."

வைத்தீஸ்வரன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். நோட்டில் தன் பெயர் இருந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை மேனேஜரிடம் நீட்டி, நீங்க போடுங்க, சைட் விஷயம் எல்லாம் உங்க டிபார்ட்மென்ட்தானே என்றார். மேனேஜர், நான் எம்.டி. பேச்சுக்கு மேல எப்படி சார் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கிஷோரைப் பார்த்தார்கள். கிஷோர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டான். கஸ்டமர் எழுத்தில் கொடுத்தால்தான் நாங்கள் எதையும் எடுப்போம், அது எங்கள் ஆபீஸ் வழக்கம் சார் என்றான். அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிடம்தான் பிறந்தது.

லெட்டர்ஹெட்டில் டைப் பண்ணி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். கிஷோர் மோடம் லைனைத் துண்டித்தான். பிறகு, நீங்க செஞ்சது தப்பு ஆன்ட்டி, ஆனா அந்த நோட்டை மட்டும் பத்திரமா வைங்க என்றான். அவளைக் கீசர் சைட்டிலிருந்து எடுத்து, பட்டுச் சேலைக் கடை ஒன்றின் சைட்டுக்குப் போட்டான். அங்கேயும் ஒரு நிறுவனர், ஒரு வீணை.

லெட்டர் மே மாதம் வரவில்லை. ஜூனில் கிஷோர் ஒரு தடவை ஞாபகப்படுத்தினான், வழியில் இருக்கிறது என்றார்கள். மழைக்காலமும் போயிற்று. நோராவின் கீசரைச் சரளா அனுப்பிய ஃபிட்டர் வெளிச்சுவரில் தகரக் கூரை போட்டு மாட்டிவிட்டுப் போனார். சிந்தியா அந்தக் குளியலறையின் கதவை இன்னமும் சாத்துவதில்லை, ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குளிக்கிறாள். ஆண்ட்ரூ விடுமுறையில் வந்தபோது டோரதி அவனை உட்கார வைத்து, அந்த சைட்டைச் செய்தது நான்தான் என்று சொன்னாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். அது தனக்கு வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள்.

மூன்று வாக்கியம் சைட்டின் தலையில் அப்படியே நிற்கிறது. ஜெயிச்சிட்டீங்க மேடம் என்று சரளா போனில் சொன்னாள். டோரதிக்கு அந்தச் சொல் காதில் சுட்டது. அங்கே யாரும் ஒரு பெண்ணின் உயிருக்காக அதை விட்டுவைக்கவில்லை. தங்கள் பெயர் ஒரு கட்டத்துக்குள் விழுந்துவிடக் கூடாதே என்று விட்டுவைத்திருக்கிறார்கள். நோட்டை அவள் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். பீன்யாவிலிருந்து போன் வரும்போதெல்லாம் இழுத்து, அந்த முதல் பக்கத்தைப் பார்ப்பாள். மணி இருக்கிறது, பெயர் இருக்கிறது, செய்தி இருக்கிறது. கடைசிக் கட்டம் காலி. பதினெட்டு வருடத்தில் இருபத்தாறு நோட்டிலும் அப்படி ஒரு கட்டத்தை அவள் காலியாக விட்டதில்லை. பார்த்துவிட்டு இழுப்பறையைச் சாத்துவாள், தொண்டையில் திரண்டதை விழுங்குவாள், பட்டுச் சேலைக்காரரின் வீணையைச் சத்தம் குறைத்து ஒட்டத் தொடங்குவாள்.